ஏர்லைன்காரரும் எங்கள் ஆபீஸ் மீன் தொட்டியும்

காஞ்சிபுரத்தில் ஏர்லைன்காரரிடம் திட்டு வாங்காத ஒருவர் இருந்தால், அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீனாக இருக்க வேண்டும். மனிதர்களிடம் அவர் ஒரு நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவருடைய பிரியம் முழுவதும் சுண்டு விரலில் பாதி தடிமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய் மேல்தான். அந்தக் குழாய்க்காக அவர் என்னைப் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

சொந்தப் பேர் என்னவோ, யாருக்குத் தெரியும்? பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடுகிற வீட்டின் முன்னறையில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர். தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டாரையும், அதிலிருந்து தண்ணீருக்குள் போகும் டியூபையும் மாட்டித் தந்து பார்த்துக்கொள்வது தொழில். அந்த டியூபுக்கு அவர் பாஷையில் 'ஏர்லைன்'. முதல் தடவை எங்கள் ஆபீஸ் அதிகாரிக்கு போன் செய்து, "சார், ஏர்லைன் பேசறேன்" என்றாராம். அதிகாரி பதறிப்போய், "நான் டிக்கெட் எதுவும் போடலையே!" என்றார். அன்றோடு அவருடைய சொந்தப் பேர் போயிற்று.

நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். அங்கே மீன் தொட்டி வந்ததே ஓர் அநியாயம். அதிகாரிக்கு அடிக்கடி மாற்றல் வந்துகொண்டிருந்தது. ஈசானிய மூலையில் மீன் வளர்த்தால் நாற்காலி நிலைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளே தொட்டி வந்தது, பொன்மீன்கள் வந்தன. ஈசானிய மூலையில் பிளக் பாயிண்ட் மட்டும் இல்லை. கூடத்தில் உருப்படியாக வேலை செய்த ஒரே பிளக் பாயிண்ட் எதிர் மூலையில், என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. புதிதாக ஒன்று போடச் சொல்லி எழுதிக் கேட்டு அனுமதி வருவதற்குள் மீன்கள் பேரன் பேத்தி எடுத்துவிடும்.

"ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துட்டா போச்சு" என்றேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

"தண்ணி கிட்ட ஒட்டுப்போட்ட வயரா? மீனு சாவறதுக்கா, நீ சாவறதுக்கா?" என்றார் ஏர்லைன்காரர். அறிமுகமாகி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மோட்டார் பிளக் பக்கத்திலேயே இருக்க, டியூப் மட்டும் சுவரோரமாகத் தொட்டி வரை போவது என்று முடிவாயிற்று. மோட்டாரை அங்கிருந்த பீரோவுக்குப் பின்னால் தரையில் ஒளித்து வைக்கச் சொன்னார் அதிகாரி. அவருக்கும் கிடைத்தது. "கரண்ட் நின்னா தொட்டித் தண்ணி டியூபு வழியா கீழ எறங்கி மோட்டாருக்குள்ள பூந்துடும் சார். மோட்டாரு தண்ணி மட்டத்துக்கு மேலதான் இருக்கணும். இதுகூடத் தெரியாம மீனு வாங்கினியா?" என்றவர், மோட்டாரை இரும்பு பீரோவின் தலைமேல் ஏற்றினார். சுவிட்சைப் போட்டதும் பீரோ முழுக்க மாவு மெஷின் மாதிரி அதிர்ந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். என் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, மோட்டாருக்கு அடியில் செருகினார். அதிர்வு அடங்கி, மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

"அது என் துண்டுங்க!"

"தெரியுது. அழுக்கா இருக்குது. பரவால்ல."

பிறகு டியூப் இழுக்க ஆரம்பித்தார். அது எங்கேயும் மடியக்கூடாது. மூலைக்கு மூலை, ராஜ வீதியில் தேர் திரும்புகிற மாதிரி அகலமாக வளைந்துதான் திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு வழி விட்டு கடிகாரம் இடம் மாறி என் முதுகுக்குப் பின்னால் போனது. அதற்கப்புறம் மணி பார்க்க நான் திரும்பிய போதெல்லாம், வீட்டுக்குப் போகத் துடிக்கிறேன் என்று அதிகாரி என்னை முறைத்தார். இந்த அக்கிரமத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

மாட்டியதோடு விட்டாரா? வாரா வாரம், யாரும் கூப்பிடாமலே வந்து நிற்பார். டியூப் ஒன்றோடொன்று சேரும் இடத்திலெல்லாம் சோப்பு நுரையைத் தடவி, எங்கேயாவது காற்று கசிகிறதா என்று பார்ப்பார். முனை விறைத்துப் போயிருந்தால் அதை மட்டும் நறுக்கிவிட்டுப் புதிதாகச் செருகுவார். தண்ணீருக்குள் குமிழி விடும் கல்லை வெளியே எடுத்து, குழந்தைக்குப் பல் தேய்த்து விடுவதுபோல் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். இவ்வளவும் என் மேஜை மேல் ஏறி நின்றுகொண்டுதான்.

ஒரு மழை நாளில் கஸ்தூரி மேடம் தன் குடையை டியூபில் மாட்டிவிட்டார். எங்களுக்கெல்லாம் மூத்தவர், அதிகாரியே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். ஏர்லைன்காரர் அவர் எதிரில் போய் நின்றார். "உன் கழுத்துல ஒருத்தன் குடைய மாட்டினா சொம்மா இருப்பியாம்மா?" மேடம் அன்று மத்தியானமே லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார். மனு கொடுக்க வந்து காத்திருப்பவர்கள் சுவரில் சாய்ந்தால் போதும், "சாயாதபா, சாயாத! உள்ள மூச்சு போயிக்கினு இருக்குது" என்று கத்துவார். அரசாங்கச் சுவரில் குடிமக்கள் சாய்வதற்கு இவர் அனுமதி வேண்டுமாம்!

கடைசியில் அவர் தலையிலேயே விடிந்தது. மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்த நாளில், இவர் கூடத்தின் நடுவே ஏணி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார். மேலதிகாரி கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் அந்தாண்ட போ சார், நெழலு விழுது."

மேலதிகாரி நகர்ந்துகொண்டார். அவர் ஜீப் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், எங்கள் அதிகாரி வெடித்தார். "யோவ், இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே!"

"நான் உன்னப் பாக்கவா வர்றேன்?" என்று ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் ஏர்லைன்காரர்.

ஒழிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதிகாரி அந்தக் கோபத்திலேயே, "பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்க, கூடம் கொஞ்சமாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்றார். தள்ளினோம்.

மறுநாள் காலையில் மீன்களெல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்தன. மோட்டார் சத்தம் கேட்கிறது. குமிழி மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அதிகாரி கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்ட மாதிரி முகம். ஏர்லைன்காரருக்கு போன் செய்ய மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் செய்தேன். "மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்குதுங்க" என்றேன். எதிர்முனை கட்டாகிவிட்டது.

சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப். நேராகப் போய் பீரோவை இழுத்தார். பின்னால் டியூப் நசுங்கி நாடா மாதிரி இருந்தது.

"காத்து போவ வழி இல்லாம மோட்டாருக்குள்ள ரப்பரு கிழிஞ்சிபூட்ச்சி. படிச்சவங்க பண்ற வேலையா இது?"

நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச டியூபில் சைக்கிள் பம்பை மாட்டினார். மனு கொடுக்கும் வரிசையில் முதலில் நின்ற மாகறல் கிராமத்து விவசாயியின் கையில் பம்பைத் திணித்தார்.

"ஐயா, நான் பட்டா மாத்த வந்தேன்."

"மாத்தலாம், மாத்தலாம். மொதல்ல அடி. நான் கடைக்குப் போயி ரப்பரு எடுத்துக்கினு வர்ற வரைக்கும் யாரும் நிறுத்தக்கூடாது."

அவர் சைக்கிள் ஏறிப் போய்விட்டார். மாகறல்காரர் அடித்தார். அவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தார்கள். கஸ்தூரி மேடம் அடித்தார். நான் அடித்தேன். அரசுப் பணியில் சேரும்போது இப்படியொரு வேலை இருக்கிறதென்று எவனும் எனக்குச் சொல்லவில்லை! கடைசியில் அதிகாரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வந்து பம்பைப் பிடித்தார்.

"மெதுவா சார், மீனு பயப்படுது" என்றார் மாகறல்காரர்.

அதிகாரி வேர்த்து வழிய அடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏர்லைன்காரர் திரும்பி வந்தார். நன்றி சொல்வார் என்று பார்த்தால், "இன்னா சார், இது ஒரு அடியா? கையில தெம்பே இல்லியே" என்றார். புது ரப்பரைப் போட்டு மோட்டாரை ஓட விட்டார். மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த வாரம் வருவீங்களா?" என்றார். அந்த 'ங்க'வை நாங்கள் எல்லோரும் கவனித்தோம்.

"வராம? உங்கள நம்பி உட்டுட்டுப் போவனா?"

போன வருஷம் எனக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் டியூப். ஆபீஸ்காரர்கள் ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம் இவர் வெறுங்கையோடு வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் டியூப் தொடங்கும் இடத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்து, கட்டில் கம்பிக்குப் பக்கத்தில் நின்றார்.

"இங்க மடிஞ்சிக்கினு இருக்குது பாரு! யாரும்மா இதப் பாக்கறது?"

நர்ஸ் ஓடி வந்தாள். "நீங்க யாரு சார்?"

"ஏர்லைன்."

அவள் என்ன நினைத்தாளோ, மறுபேச்சில்லாமல் டியூபை நேராக்கிவிட்டுப் போனாள். அடுத்து என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாத்துக்கு டியூபு மேலயே பொரண்டு படுக்கிற? கொஞ்சமாவது அறிவு இருக்குதா?" மூச்சுக்குத் திணறிக் கிடக்கிறவனைப் பேசுகிற பேச்சா இது? கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே தூங்கியும் போனேன்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. அவர் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் புரண்டாலும் டியூப் கம்பியில் மடங்காதபடி, அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

நான் விழித்ததை அவருக்குக் காட்டிக்கொள்ளாமல், அந்த விரல்கள் இருக்கிற பக்கமாகத் திரும்பி இன்னும் கொஞ்ச நேரம் தூங்கினேன்.