தறிக்குழியில் பதினொரு குட்டிகள்

பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆணிடம் கண்ணாடி, தகரம், ஒட்டுகிற மக்கு இவற்றையெல்லாம் கொடுக்கவே கூடாது. அவன் கை சும்மா இருக்காது. மனசு அதைவிட மோசம். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. அறுபதுகளின் கடைசியில், பட்டு நெய்கிற பிள்ளையார்பாளையத்தில், அப்படி உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

என் மனைவி சரோஜா தாமலில் ஏரிக்கரையோரம் வளர்ந்தவள். மீன் என்றால் உயிர் (தின்பதற்கல்ல, பார்ப்பதற்கு). அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது மூர் மார்க்கெட்டிலிருந்து முட்டையிடாமல் குட்டி போடும் கப்பி மீனில் ஒரு ஜோடியைப் பாட்டிலில் வாங்கி வந்தேன். ஆண்மீன் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது. பெண்மீனின் வயிறோ சரோஜாவோடு போட்டி போட்டுக்கொண்டு பெருத்தது. வளைகாப்பு முடிந்து பஸ் ஏறும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"குட்டி போட்டா பத்திரமா பாத்துக்குங்க. நான் கொழந்தையோட வரும்போது அதுங்களும் இருக்கணும்."

"அதுக்கென்ன!" என்றேன். பஸ் திருப்பத்தில் மறைந்ததுமே வீட்டுக்கு ஓடிவந்து பாட்டில் முன்னால் உட்கார்ந்தேன். நகக்கண் அளவு மீனின் பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரியாதவன், மனிதப் பிள்ளையை எப்படி வளர்ப்பான்? இது எனக்கு வைத்திருக்கும் பரீட்சை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் காலை பாட்டிலுக்குள் கண் முளைத்த கடுகுகள் ஓடின. எண்ணினேன், பதினான்கு. காபி குடித்துவிட்டு வந்து எண்ணினேன், பதினொன்று. தாய்மீன் ஒன்றும் தெரியாததுபோல வாயை மென்றுகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் தறியில் நெய்துகொண்டிருந்த என் அண்ணன் கையை நிறுத்திவிட்டான்.

"இன்னாடா?"

"பெத்த புள்ளைங்களையே தின்னுதுண்ணா!"

"தாய எடுத்து வேற சொம்புல உடுடா. இதுக்குப் போயி கத்திக்கினு..."

விட்டேன். பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. புத்தி உள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். ஆனால் பித்தளைச் சொம்பில் தாய் சுணங்கிப்போய்க் கிடந்தது. தாயையும் பிள்ளைகளையும் பிரித்துவைப்பது, அதுவும் இந்த நேரத்தில், எனக்கு ஆகாத காரியமாகப் பட்டது. ஒரே தொட்டி, இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் குட்டிகள், நடுவில் ஒரு வலைத்தடுப்பு. இதுதான் என் திட்டம்.

தகரக்காரர் சட்டம் அடித்துக் கொடுத்தார். சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் கண்ணாடி வெட்டினேன். தச்சர் மக்கு உருட்டிக் கொடுத்து, "எட்டு நாள் காயணும்பா. அதுக்குள்ள தண்ணி காட்டினா என்னைக் கேக்காத" என்றார். நான் காயவிட்டது இரண்டு நாள்.

தடுப்புக்குக் கொசுவலைத் துணி போதும். ஆனால் நெய்கிற சாதியாயிற்றே நான்! மூங்கில் குச்சியில் சட்டம் கட்டி, பட்டு நூலிலேயே வலை பின்னினேன். சாயம் போகாத பட்டு என்று ஊருக்கெல்லாம் மார்தட்டுபவர்கள் நாங்கள். அந்தப் பெருமை, சாயம் தோய்த்த நூலை நன்றாக அலசிய பிறகுதான் பொருந்தும். நான் உருவிய அரக்குச் சிவப்பு நூல் அலசாதது. பார்க்க எனக்கு எங்கே பொறுமை?

வீட்டில் நல்ல வெளிச்சம் தறிக்கு மேலே இருக்கும் கூரைக் கண்ணாடி வழியாகத்தான் வரும். எனவே தொட்டியைத் தறிக்குழியின் விளிம்பில் வைத்தேன். நெய்கிறவர் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் பள்ளம் அது. அண்ணன் ஒரு கல்யாணப் புடவையில் மும்முரமாக இருந்தான். தண்ணீர் ஊற்றினேன், மீன்களை விட்டேன், கைகட்டி நின்று ரசித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ரோஜா நிறமானது. அப்புறம் ரத்தம்! குட்டிகள் தெரியவில்லை. முழங்கை வரை கையை விட்டு வலையைப் பிடுங்கினேன். மூங்கில் குச்சிகளை ஊன்றியிருந்ததே காயாத மக்கில்தான். வலை வந்தது, மக்கு வந்தது, பக்கவாட்டுக் கண்ணாடியும் வந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் குட்டிகளோடு குழிக்குள் இறங்கியது.

"டேய்! கால்ல இன்னாமோ ஓடுதுடா!"

"மிதிக்காதண்ணா! கால அசைக்காத!"

"நான் தறி நெய்யறதா, கால தூக்கிக்கினு தவம் பண்றதா?"

புடவையில் ஒரு சொட்டுப் படவில்லை, அது அண்ணன் செய்த புண்ணியம். விளிம்பில் துள்ளிய தாயைச் சொம்பில் போட்டுவிட்டு, டீ வடிகட்டியோடு குழிக்குள் குதித்தேன். சேற்றுத் தண்ணீரில் கடுகு தேடுவதுபோல ஒவ்வொன்றாக வடித்தெடுத்தேன். ஒன்பது கிடைத்தபோது வாசலில் சைக்கிள் வந்து விழுந்தது. சரோஜாவின் அண்ணன், வியர்க்க விறுவிறுக்க.

"மாப்ள! பொண்ணு பொறந்திருக்குது! தாயும் புள்ளையும் நல்லா இருக்குதுங்க. கெளம்பு!"

குழிக்குள் நின்றபடி, முழங்கை வரை சிவந்த கையில் வடிகட்டியோடு, நான் சொன்ன பதில் இது:

"இரு மச்சான், இன்னும் ரெண்டு பாக்கி."

(சந்தோஷம் இல்லாமல் இல்லை. காது இரண்டும் சுட்டது. பெண் பிறந்துவிட்டாள் என்றதும்தானே அந்த இரண்டையும் சேற்றில் விட்டுப் போகப் பயம் அதிகமானது!)

அரைமணி நேரம் தேடினேன். கடைசியில் அண்ணன்தான், "போடா, நான் கால கீழ வெக்க மாட்டேன்" என்று விரட்டினான்.

தாமலில் மாமியார் வாசலிலேயே மறித்தார். "இன்னா மாப்ள, யாரையாவது வெட்டிட்டு வந்தீங்களா?"

சீயக்காய், புளி, சாம்பல் எதற்கும் மசியவில்லை. தண்ணீரைக் கண்டதும் ஓடிய சாயம், என் கையை விட்டு மட்டும் நகர மறுத்தது. "இந்தக் கையோட கொழந்தையத் தொடாதீங்க" என்றார். தண்டனை வாங்கிய மாணவன்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் என் மகளை முதன்முதலில் பார்த்தேன். பின்னால் மச்சான் வீடு முழுக்கக் கேட்கும்படி, "பொண்ணுன்னு சொல்றேன், குழியில மீன்குட்டி தேடிக்கினு இன்னும் ரெண்டு பாக்கின்றாம்மா!" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சரோஜா கண்ணைத் திறந்தாள்.

"எத்தினி கெடச்சுது?"

"ஒம்போது."

"மீதி ரெண்டு?"

பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"தேடி முடிச்சிட்டே வந்திருக்கலாமில்ல?" என்றாள். நிஜமாகத்தான் கேட்டாள். மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த இரண்டு கிடைக்கவே இல்லை. அண்ணன் தறியில் உட்காரும்போதெல்லாம் ஒரு காலை வைத்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் மறுகாலை வைப்பான். ஏன் என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான்.

அன்று பிறந்த மகளின் கல்யாணத்தில் தாரை வார்க்கும் நேரத்துக்கு என்னைக் காணோம் என்று மணமேடையில் தேடினார்கள். சரோஜா சம்பந்திகள் எதிரிலேயே, "வருவாருங்க. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கும்" என்றாள். இப்போது குளியலறைக் கதவைத் தட்டும் பேரனும், "தாத்தா, இன்னும் ரெண்டு பாக்கியா?" என்றுதான் கத்துகிறான். எந்த இரண்டு என்று அவனுக்குத் தெரியாது.