கிட்னிக்கு என்ன இனம்?

"ஐம்பத்தெட்டு" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

சுமைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. தங்கச்சிக்கு ஒரு கிட்னி கொடுக்க வந்திருந்தார். கிட்னி வேலை செய்யும் அளவு எழுபதுக்குக் குறைந்தால் இந்த ஆஸ்பத்திரியில் வாங்கமாட்டார்கள்.

"நூறு கிலோ மூட்டைய ஒத்தையாத் தூக்குறேன் சார். எனக்கா ஐம்பத்தெட்டு?"

"ரத்தம் சொல்லுது. நானா சொல்றேன்?"

கம்ப்யூட்டர்காரர் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான். முன்பிருந்தவர் எதையும் சொல்லித்தராமல் போய்விட்டார்.

சுமைக்காரர் உடம்பைத் தேற்றக் கிளம்பினார். மூன்று நாள் கறியாகத் தின்றார். விடிந்தால் நூறு தண்டால். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டு.

"கறி தின்னா, தசைய முறுக்குனா, ரத்தத்துல கழிவு கூடும்" என்றார் டாக்டரம்மா. "கிட்னிதான் மந்தம்னு கணக்கு நினைச்சுக்கும். ஒரு வாரம் சும்மா கிடங்க."

சும்மா கிடந்தார். பழைய ஐம்பத்தெட்டு.

டாக்டரம்மாவுக்கே இப்போது குறுகுறுப்பு. சுமைக்காரரையும் கூட்டிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்துவிட்டார். "இது அளந்து சொல்றது இல்லப்பா, கணிப்பு. யார் யாரையோ வச்சுப் போட்ட சூத்திரம். வேற மக்களுக்கு முன்னப்பின்ன ஆகும்."

"அதான் இனம் கேக்குதே" என்று கம்ப்யூட்டர்காரர் திரையைக் காட்டினார். 'பால் ரெண்டு பாக்கெட்' என்று டீக்கார அக்கா எப்போதோ ஒட்டிய மஞ்சள் சீட்டுக்குப் பக்கத்தில், 'இனம்' என்று ஒரு கட்டம். "ஒண்ணு, ரெண்டுதான் ஏத்துக்குது. ஒண்ணுன்னா இந்த ஊர்க்காரங்க, ரெண்டுன்னா நம்மளாட்டம் பொழைக்க வந்தவங்க. நானா புரிஞ்சுக்கிட்டு இவருக்கு ரெண்டு போட்டேன்."

"ஒண்ணு போடுங்க, பாப்போம்."

எழுபத்தேழு.

சுமைக்காரர் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். "அதே ரத்தம். அதே நான். அப்ப என் கிட்னிக்குப் பாஸ்போர்ட்தான் குறையா?"

கம்ப்யூட்டர்காரர் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணாவே இருக்கட்டும் சார். தங்கச்சி உடம்புக்குள்ள போனப்புறம் அது எந்த ஊர்னு யாரு கேக்கப் போறா?"

"பொய்க் கணக்குக்கு நான் சீல் வைக்கமாட்டேன்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அப்போது டீக்கார அக்கா உள்ளே வந்தாள். "இனிமே மூணு பாக்கெட்டுங்க" என்றபடி பழைய சீட்டைப் பிய்த்தாள். புதியதை ஒட்டப் போனவள் கையை நிறுத்தித் திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சார், என் சீட்டுக்கு அடியிலயும் 'பால்'னுதான் போட்டிருக்கு. 'பால் இனம், ஒண்ணு ஆண், ரெண்டு பெண்'... இத்தன நாளா அண்ணனுக்கு எதப் போட்டீங்க?"