மறைந்த கப்பல்களும் மேசைக்கு அடியில் ஒரு முழங்காலும்

செப்டம்பர் பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, தொலைக்காட்சியில் ஒரு கற்பனைத் தொடரின் மூன்றாம் பாகம் முடிந்தது. மறுநாள் விடிவதற்குள் ஒரு துறைமுக நகரமே சிந்திப்பதிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டது. இந்த நகரத்தின் குறை இதுதான்.

தொடரின்மீது குற்றமில்லை. நடுக்கடலில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும்; கடைசியில் அவை வேறொரு கோளின் கடலில் மிதக்கும். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் ‘யாவும் கற்பனை’ என்று கொட்டை எழுத்தில் காட்டினார்கள். பொய்யாக இருந்தால் அதை ஏன் அவ்வளவு பெரிதாகப் போட வேண்டும் என்று நகரம் கேட்டது.

தொலைக்காட்சி நிலையத்தின் இணையப் பக்கத்தில் பார்வையாளர் கருத்துகள் குவிந்தன. ‘என் மைத்துனர் கப்பலும் இரண்டு நாள் தாமதம். இயக்குநருக்கு இது எப்படித் தெரிந்தது?’ என்றார் ஒருவர். இரண்டாம் பாகத்தின் நடுவில் தம் வீட்டில் மின்சாரம் நின்றதாகவும், இதைவிடச் சான்று வேண்டுமா என்றும் கேட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார் இன்னொருவர். ‘நான் தொடரைப் பார்க்கவில்லை, ஆனால் அத்தனையும் உண்மை’ என்று மூன்றாமவர் உறுதியளித்தார். ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ஒரே மறுமொழி இருந்தது: ‘உங்கள் கப்பல் திரும்புமா? பழைய கயிற்றுக் கிடங்குக்கு வருக. காலை எட்டு மணி முதல். கடற்கண்ணர்.’

கடற்கண்ணர் சென்ற மாதம்வரை ஒலிபெருக்கி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். கடலைக் கரையிலிருந்து கண்டிருக்கிறார். கண் மட்டும் எப்போது திறந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

சனிக்கிழமை காலை கிடங்கின் முன் நின்ற வரிசை மூன்று தெருக்களைச் சுற்றியது. அதில் ஒரு தையல்காரியின் மாமியாரும் நின்றார்.

தையல்காரிக்கு நேரமே போதவில்லை. அவள் கணவர் கப்பலின் எந்திர அறையில் எண்ணெய் போடுபவர். திங்கட்கிழமை காலை அவர் கப்பல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். சென்ற முறை வேலை தவறியபோது ஒன்பது மாதம் அந்த வீடு அவளுடைய தையல் எந்திரத்தின் ஊசிமுனையில் நின்றது. ஆகவே அவருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவரோ முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தார். பதினொரு ஆண்டுகள் கடலில் அஞ்சாதவர், மூன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து கடலுக்கு அஞ்சக் கற்றுக்கொண்டார்.

நண்பகலில் மாமியார் திரும்பினார். கையில் ஒரு காகிதப் படகு. மடியில் ஒரு புட்டி.

“படகு கறுப்புப் பக்கம் போயிடுச்சும்மா,” என்றார். “வெள்ளைன்னா கப்பல் திரும்புமாம், கறுப்புன்னா திரும்பாதாம். தொட்டியில விட்டதும் விறுவிறுன்னு போச்சு. இந்தத் தொடரோட ரெண்டாம் பருவம் வர்ற வரைக்கும் அவன் கப்பல் ஏறக் கூடாதாம்.”

“ரெண்டாம் பருவம் எப்ப அத்தை?”

“அது இன்னும் முடிவாகலையாம்.”

புட்டியில் இருந்தது கடற்கண்ணர் மந்திரித்துக் கொடுத்த ‘கட்டிய கடல்’. பார்த்தால் உப்புத் தண்ணீர். குடித்தாலும் உப்புத் தண்ணீர்தான். கப்பல் ஏறத் தேவையான மகனின் பணிப் புத்தகத்தை மாமியார் தம் தலையணை உறைக்குள் திணித்து, அதன்மேலேயே அமர்ந்துகொண்டார். மகன் மறுக்கவில்லை. அம்மா சொன்னால் தட்ட முடியாது என்றார், மிகுந்த நிம்மதியோடு.

தையல்காரி ஆத்திரத்தில் குண்டூசிப் பெட்டியைத் தட்டிவிட்டாள். ஊசிகள் மேசையெங்கும் சிதறின. தையல் வேலை செய்பவர்கள் ஊசிகளைக் கையால் பொறுக்குவதில்லை. அதற்கென ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். அவளும் தன் லாடக் காந்தத்தை எடுத்து மேசைமேல் ஓட்டினாள். ஊசிகள் ஒட்டின. கூடவே ஒரு துள்ளுத் துள்ளிக் காகிதப் படகும் வந்து ஒட்டியது.

அவள் படகைப் பிரித்தாள். மூக்கு மடிப்புக்குள் பாதியாக நறுக்கிய குண்டூசி ஒன்று இருந்தது. அதை முன்போலவே மடித்து வைத்தாள்.

ஞாயிறு காலை, மாமியாரையும் கணவரையும் அழைத்துக்கொண்டு அவளும் வரிசையில் நின்றாள். இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போமே என்றதும் இருவரும் மறுக்காமல் வந்துவிட்டார்கள். ஏமாறுவதற்கு எவரும் அலுத்துக்கொள்வதில்லை.

தரைவரை துணி தொங்கும் மேசை. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியின் ஒரு முனை வெள்ளை, மறுமுனை கறுப்பு. பின்னால் கடற்கண்ணர் கண்மூடி வீற்றிருந்தார். கண் திறந்தவர் அதை ஏன் மூடிக்கொண்டே இருக்கிறார் என்று கேட்பது நாகரிகமன்று.

தையல்காரி முதலில் தன் அளவுக் காகிதத்தில் மடித்த படகு ஒன்றை விட்டாள். அது நடுத்தொட்டியில் நின்றது. கடற்கண்ணர் முகம் சுளித்தார், உடம்பை அசைத்தார், பெருமூச்சு விட்டார். படகுக்கு இரக்கமில்லை.

“நம்பிக்கையில்லாத காகிதம்,” என்றார்.

“சரிங்கய்யா, உங்க படகையே விடுறேன். ஆனா இந்தத் தடவை நான் கூப்பிடுறேன்.”

அவள் மாமியாரின் படகை நீரில் இட்டு, மேசைத் துணிக்குள் காந்தத்தோடு கையை விட்டாள். கறுப்பை நோக்கிக் கிளம்பிய படகு தயங்கியது, திரும்பியது, சாவகாசமாக வெள்ளைக் கரையில் வந்து முட்டியது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. முன்வரிசையில் நின்ற பேக்கரிக்காரர் தடாலென்று தையல்காரியின் காலில் விழுந்தார். “தாயே, என் மருமகன் கப்பலையும் அப்படியே திருப்பி விடுங்க.” அவருக்குப் பின்னால் நாற்பது பேர் விழ இடம் தேடினர். மாமியாரும் கைகூப்பினார், பத்து ஆண்டுகளாக மருமகளுக்குக் காபிகூட ஒழுங்காகப் போடத் தெரியாது என்று சொல்லிவந்த அதே மாமியார்.

போட்டிக் கடவுளைக் கண்ட கடற்கண்ணர் பதறினார். படகை மீட்க மேசைக்கடியில் முழங்காலை விரைந்து நகர்த்தினார். ‘டக்’ என்று ஓர் ஓசை எழுந்தது. அவருடைய முழங்காலில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் காந்தமும் அவளுடைய லாடக் காந்தமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. அவர் காலை இழுத்தார், வரவில்லை. எழுந்தார், மேசை சரிந்தது, தொட்டி கவிழ்ந்தது. துணி விலகிய இடத்தில், வேட்டிக்கு வெளியே, வட்டக் காந்தத்தோடும் அதைப் பற்றிய தையல்காரியின் கையோடும் அந்த முழங்கால் பட்டப்பகலில் காட்சி தந்தது.

“அத்தை, குனிஞ்சு பாருங்க,” என்றாள் அவள். “இவரோட கண்ணு இங்கதான் இருக்கு.”

முதலில் சிரித்தவர் அவள் கணவர். எந்திர அறையில் இரும்போடு வாழ்ந்தவருக்குக் காந்தம் தெரியாதா? அச்சமெல்லாம் சிரிப்பில் கழன்று விழுந்தது. கடற்கண்ணரோ ஒருவாறு முழங்காலைப் பிய்த்தெடுத்துத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் கிடங்கின் பின்வாசல் வழியே மறைந்தார். அந்த நகரத்தில் உண்மையாகவே மறைந்தது அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை காலை பணிப் புத்தகம் தலையணையிலிருந்து வெளிவந்தது. கணவர் கப்பல் ஏறினார். அன்று மாலையே மாமியார் தொடருக்கு ஒரேயொரு நட்சத்திரம் கொடுத்துக் கருத்து எழுதினார்: ‘ஒரு கப்பலும் மறையவில்லை. சுத்தப் பொய்.’ பேக்கரிக்காரர் மட்டும் இன்றும் அவ்வப்போது தையல்காரியின் கடை வாசலில் நின்று, அந்தக் காந்தத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

வாசகரே, உம்மிடம் ஒரே ஒரு கோரிக்கை. மேசைமேல் எவராவது அதிசயம் காட்டினால் குனிந்து மேசைக்குக் கீழே பாரும். முதுகு வலிக்கும் என்று சாக்குச் சொல்லாதீர். அவர் காலில் விழுவதற்கும் நீர் அவ்வளவுதான் குனிய வேண்டும்.