ரேஸ் சீட்டும் மாமனார் முதுகும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. ஒரு சீட்டு வாங்கணும்.

பஸ் சீட்டு இல்ல, ஏலச்சீட்டும் இல்ல. கார் ரேஸ் ஓட்டற சீட்டு.

உடனே என்னைப் பெரிய ரேஸ்காரன்னு நெனச்சுப்போடாதீங்க. நெசமான கார்ல நான் சத்தி ரோட்டுல போனா, டவுன் பஸ்ஸே ஆரன் அடிச்சுட்டுத் தாண்டிப் போகும். நான் ரேஸ் ஓட்டறதெல்லாம் ஊட்டுல, கம்ப்யூட்டர்ல. டைனிங் டேபிள்ல ஸ்டீயரிங்கைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, பெடலைக் கீழ வெச்சு, பழைய ஆபீஸ் சேர்ல உக்காந்து ஓட்டறது. ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா காலேஜ்ல கூடப் படிச்சவனுங்க எல்லாம் அவனவன் ஊட்டுல இருந்து ஆன்லைன்ல வந்துருவானுங்க. ரேஸ் நடக்கும். நான் கடைசியா வருவேன். வருசக்கணக்கா இதுதான் பழக்கம்.

சேர்ல ஒரு சிக்கலுங்க. அடியில சக்கரம். நான் பிரேக்கை மிதிச்சா ஸ்க்ரீன்ல கார் நின்னுரும், நான் பின்னால போயிருவேன். பெரிய வளைவா இருந்தா சமையக்கட்டு வாசல் வரைக்கும் போயிட்டு, காலை உந்தி உந்தித் திரும்பி வரணும். அதுக்குள்ள ரேஸே முடிஞ்சிருக்கும்.

அதுக்கு முந்துன வாரம் அப்படிப் பின்னால போனப்ப, அங்க என்ற மாமனார் நின்னுட்டிருந்தாரு. கையில காப்பி.

மாமனார் கோபிக்காரர். ரொம்ப நாளா முதுகு வலிக்காரரு, கண்ணு செக்கப்புக்குன்னு வந்து எங்க ஊட்டுல தங்கியிருந்தாரு. காப்பி மொத்தமும் வேட்டியில. ஆனாலும் மனுசன், "பரவால்லீங்க மாப்ள, ஆறுன காப்பிதானுங்க"ன்னாரு.

அவரு பொண்ணுக்கு, அதாவது என்ற சம்சாரம் சுதாவுக்கு, அந்தப் பெருந்தன்மையெல்லாம் கெடையாது.

"ஏனுங்க, நீங்க வளைக்கற வளைப்புல சாம்பார்ச் சட்டியில அலை அடிக்குது. இப்ப எங்கப்பாவையே இடிச்சுப்போட்டீங்க. இதுக்குன்னே தனியா சீட்டு விக்கறாங்களாமல்ல? போய் வாங்கிட்டு வாங்க. எனக்கும் கால் எட்டோணும்."

"உனக்கெதுக்கு?"

"நானும் ஓட்டிப் பாக்கறேன். கடைசியா வர்றதுக்குத் தனியாப் படிப்பு எதாச்சும் இருக்குதா?"

நான் ஆறடி. அவ அஞ்சடி. அப்ப முன்ன பின்ன நகர்த்தி, மேல கீழ மாத்திக்கற மாதிரி சீட்டுதான் வேணும்.

கெளம்பறப்ப மாமனார் செருப்பை மாட்டிட்டு வாசல்ல நிக்கறாரு. "நானும் வாரனுங்க மாப்ள. ஒரு பொருள் வாங்கறப்ப கூட ஒருத்தர் இருந்தா நல்லதுங்க."

அவரு அப்படிச் சொன்னதுக்குக் காரணம் இருக்குது. காங்கேயம் சந்தைக்குப் போய் மாடு புடிக்கறதுன்னா சொந்தக்காரங்க எல்லாரும் இவரைத்தான் கூட்டிட்டுப் போவாங்க.

அவினாசி ரோட்டுப் பக்கம் கடை. உள்ள போனா வரிசையா ரேஸ் சீட்டு. வெறும் இரும்புச் சட்டத்துல சீட்டு, முன்னால ஸ்டீயரிங், கீழ பெடல். விக்கற பொண்ணு பேரு நந்தினி. ரொம்ப மரியாதை.

"சார், உங்க ஹைட் எவ்ளோங்க? வெயிட்டுங்க?"

ஹைட்டைச் சொன்னேன். வெயிட்டைக் கொஞ்சம் கொறச்சுச் சொன்னேன். நந்தினி என் வயித்தைப் பாத்துட்டு, அவங்களா ஒரு நம்பரை மனசுல போட்டுக்கிட்டாங்க.

மொதல்ல மடக்கற டைப்பைக் காட்டுனாங்க. "வேலை முடிஞ்சதும் மடக்கிக் கட்டிலுக்கடியில தள்ளிரலாங்க சார்."

மாமனார் அதை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுனாரு. குனிஞ்சு காலைப் பாத்தாரு. புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுனாரு.

"பின்னங்காலு வலுவில்லீங்க அம்மணி."

ரெண்டாவது, தடியான அலுமினியச் சட்டம். மாமனார் தள்ளிப் பாத்தாரு, அசையல. "இது நல்லா நிக்குதுங்க."

"ஆனா ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கழட்டித்தாங்க முன்ன பின்ன மாத்தணும்"னாங்க நந்தினி. சுதாவும் நானும் மாறி மாறி ஓட்டுனா, ரேஸை விட ஸ்பேனர் வேலைதான் அதிகமா இருக்கும். வேண்டாம்னுட்டேன்.

மூணாவது, நெம்புகோலை இழுத்தா எல்லாமே நகர்ற மாதிரி. நியாயமா அங்கயே பில்லைப் போடச் சொல்லியிருக்கோணும்.

ஆனா என் கண்ணு அதுக்குப் பக்கத்துல போயிருச்சு. ஃபார்முலா ரேஸ் கார் மாதிரியே ஒண்ணு. கால் மேல, உடம்பு கீழ, படுத்துட்டே ஓட்டறது. செவப்புக் கலர் வேற!

"இதுல உக்காந்து பாக்கலாங்களா?"

நந்தினி தயங்குனாங்க. "அது... கொஞ்சம் ஸ்லிம்மா இருக்கறவங்களுக்குங்க சார்."

நான் விடுவேனா? எறங்கிட்டேன். எறங்கிட்டேன்னா உக்காந்தேன்னு அர்த்தமில்ல. உள்ள போய் விழுந்தேன்.

கால் பெடலுக்கு எட்டல. சீட்டை முன்னால தள்ளுனாங்க. எட்டுச்சு. கை எட்டல. ஸ்டீயரிங்கைக் கீழ எறக்குனாங்க. எட்டுச்சு. ஆனா இப்ப ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல நானும் என் வயிறும் ஒரே குடும்பமா ஒடுங்கி உக்காந்திருந்தோம்.

மாமனாருக்கு ஆர்வம் வந்துருச்சு. "அம்மணி, அந்த வாரையும் போட்டு உடுங்க, பாக்கலாம்!"

தோள்ல ரெண்டு பெல்ட்டு, இடுப்புல ரெண்டு, கீழ இருந்து ஒண்ணு. 'டக்'குனு மாட்டிருச்சு. ரேஸ் ஓட்டுனேன். மொத வளைவுலயே செவுத்துல போய் மோதினேன். சரி, எந்திரிக்கலாம்னு பாத்தா, பெல்ட்டு கழட்டற பட்டன் என் வயித்துக்கு அடியில எங்கியோ போயிருச்சு!

நான் தேடுனேன். கெடைக்கல. நந்தினி எட்டிப் பாத்துட்டு, "சார், கொஞ்சம் மூச்சை உள்ள இழுங்க"ன்னாங்க. இழுத்தேன். எதுவும் நடக்கல. என் வயிறு என் பேச்சைக் கேக்கறதில்லைங்க.

"ஸ்டீயரிங்கைக் கழட்டுனாத்தாங்க சார் முடியும். ரெண்டு நிமிசம் இருங்க"ன்னுட்டு டூல்ஸ் எடுக்க ஓடுனாங்க. கடைக்கு வந்த சனமெல்லாம் வட்டமா நின்னுருச்சு. ஒருத்தர் என்னையவே கேக்கறாரு, "ஏனுங்க, கம்ஃபர்டபிளா இருக்குதுங்களா?"

நந்தினி ஸ்பேனரோட வந்து குனியறதுக்கும் என் போன் அடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. சுதா. வீடியோ கால். என் கை ரெண்டும் மாட்டியிருந்ததால மாமனார் எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டுனாரு.

சுதா என்ன பாத்திருப்பான்னு யோசிங்க. புருசன் மல்லாக்கப் படுத்திருக்கான். கால் ரெண்டும் மேல. ஒடம்பு பூரா பெல்ட்டு. ஒரு பொண்ணு கையில ஆயுதத்தோட குனிஞ்சு நிக்குது.

"ஐயோ! என்னாச்சுங்க? எந்த ஆஸ்பத்திரிங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு," மாமனார் நிதானமாச் சொன்னாரு. "மாப்ளையைக் கட்டிப் போட்டிருக்கறோம்."

ஒருவழியா ஸ்டீயரிங்கைக் கழட்டி, பெல்ட்டைக் கழட்டி, ரெண்டு பேரு கையைப் புடிச்சு இழுத்து என்னை வெளிய எடுத்தாங்க. கூட்டத்துல யாரோ கை தட்டுனாங்க. கும்புடு போட்டேன். வேறென்ன செய்ய?

திரும்பிப் பாத்தா மாமனாரைக் காணோம்.

தேடுனா, அந்த மூணாவது சீட்டுல, நெம்புகோலை இழுத்துச் சாஞ்சு, வாயைத் தொறந்து கொறட்டை விட்டுட்டிருக்காரு. பின்னால அதை ட்ரை பண்ண வந்தவங்க வரிசையில நிக்கறாங்க. யாருக்கும் எழுப்ப மனசு வரல.

நான்தான் எழுப்புனேன். கண்ணை முழிச்சவரு இடுப்பைத் தடவிப் பாத்தாரு. "ஏனுங்க மாப்ள, முதுகு வலியே காணமுங்க! இதையே புடிச்சுரலாங்க."

புடிச்சுட்டோம். கடை வேன்லயே கொண்டாந்து மத்தியானமே ஹால்ல மாட்டிக் குடுத்துட்டாங்க. "சரியா இருக்குதான்னு பாக்கறனுங்க"ன்னு மாமனார் உக்காந்தாரு.

சாயங்காலம் ஆச்சு. எந்திரிக்கல.

"மாமா, ரேஸ் ஆரம்பிக்கப் போகுதுங்க."

"ஆரம்பிக்கட்டுங்க மாப்ள."

சுதா சமையக்கட்டுல இருந்தே சத்தம் போட்டா. "அப்பாவுக்கு இப்பத்தான் வலி விட்டிருக்குது. எழுப்பிப் பாருங்க, அப்பறம் இருக்குது!"

ஸ்க்ரீன்ல செவப்பு லைட்டு ஒண்ணொண்ணா எரியுது. மாமனார் ஸ்டீயரிங்கைப் புடிச்சாரு. "நம்ம டிராக்டரு மாதிரிதானுங்க?"

ரேஸ் ஆரம்பிச்சுது. மொத வளைவுல எல்லாப் பயலும் ஒரே நேரத்துல நொழைஞ்சு, ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிக் குமிஞ்சு கெடந்தானுங்க. மாமனார் மெதுவா ஓரமா வந்தாரு.

"அடப்பாவமே! நிறுத்தி என்ன ஏதுன்னு கேட்டுட்டுப் போலாமுங்களா?"

"வேண்டாங்க மாமா! போங்க! போங்க!"

பின்னால எவனாச்சும் வந்தா ஒதுங்கி வழி விட்டாரு. "அவருக்கு எதோ அவசரமாட்ட இருக்குதுங்க." வழி வாங்கிட்டுப் போனவன் அடுத்த வளைவுல செவுத்துல கெடந்தான். இவரு அவனையும் பாத்துப் பரிதாபப்பட்டுட்டுத் தாண்டிப் போனாரு.

அஞ்சாவது எடம்! என் பேருக்கு அஞ்சாவது எடம்!

குரூப்புல மெசேஜ் மேல மெசேஜ். "டேய், நீதானாடா இது? என்னா ஒரு டீசண்ட்டான டிரைவிங்!" நான் கூச்சமே இல்லாம "தேங்க்ஸ்டா"ன்னு போட்டேன்.

மக்கா நாளு, திங்கக்கெழமையே, கோபிக்குப் பஸ் ஏற வேண்டிய மாமனார் இன்னும் போகல. காப்பிக்கு ஒரு சாய்வு, டிவிக்கு ஒரு சாய்வு, தூக்கத்துக்கு ஒரு சாய்வுன்னு நெம்புகோல் அத்துபடி ஆயிருச்சு. காலையில அவரு வாக்கிங் போற நேரத்துல நான் ஓடிப் போய்ப் பாத்தா, சீட்டை முன்னால இழுத்துப் போட்டுட்டு சுதா ஓட்டிட்டிருக்கா. நல்லா ஓட்டறா. அதை நான் இன்னும் அவகிட்டச் சொல்லல.

நேத்து நந்தினி கிட்ட இருந்து போன்.

"சார், கோபில இருந்து ஒரு வேன் நெறையப் பெரியவங்க வந்திருக்காங்க. உங்க மாமனார் அனுப்புனாராம். எல்லாரும் டெமோ சீட்டுல படுத்துட்டாங்க, எந்திரிக்க மாட்டேங்கறாங்க. ஸ்டீயரிங்கைக் கழட்டிட்டு சீட்டு மட்டும் வேணுங்கறாங்க. நீங்க கொஞ்சம் வந்து பேசறீங்களா?"

ராங் நம்பருங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.