நாலாம் படியில் ஒரு பொன்வண்டு

ஒரு குழந்தையின் விளையாட்டுச் சாமான் எந்த நொடியில் கொலுப் பொம்மை ஆகிறது? படியில் வைத்தவுடனேயா, ஆரத்தி எடுத்த பிறகா, இல்லை அந்தக் குழந்தை தூங்கி எழுந்து "எங்கே?" என்று கேட்கிற வரைக்கும் அது அவளுடையதுதானா? பூஜை செய்துவைக்கிற வாத்தியாரிடம் கேட்டால் ஒன்று சொல்கிறார். பக்கத்து வீட்டுக் கமலம் மாமி வேறொன்று சொல்கிறார். என் மனசு காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றும் சொல்கிறது. என் பெண் மீனு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நான் நாகர்கோவில்காரி, வாழ்க்கைப்பட்டது திருவனந்தபுரத்தில். கான்வென்ட்டில் படித்தவள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசப் பயப்படுவேன். ஆனால் குரோஷா ஊசியைக் கையில் கொடுத்துவிட்டால் ஜில்லா கலெக்டர் மாதிரி ஆகிவிடுவேன். மீனு வயிற்றில் இருந்தபோதே அவளுக்குப் பச்சைக் கம்பளி நூலில் காலுறை பின்னி வைத்தேன். (திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் கம்பளிக் காலுறை! அதைப் போட்ட அன்றைக்கே குழந்தைக்கு வேர்க்குரு.)

மீனு தவழ ஆரம்பித்ததும் வேறு கவலை வந்தது. தரையில் ஊரும் எதையும் பிடித்து வாயில் போட்டுக்கொள்வாள். எறும்பு, பாச்சை, மழைக்கு உள்ளே வரும் கறுப்பு வண்டு, எதற்கும் விலக்கு இல்லை. பூச்சி ஆசை உள்ள குழந்தைக்குப் பூச்சியையே கொடுத்துவிட்டால் என்ன என்று படித்த மூளை யோசித்தது. மீந்திருந்த பச்சை நூலில் ஒரு பொன்வண்டு பின்னினேன். வட்டமாக ஆரம்பித்து, சுற்றுக்குச் சுற்று பெருக்கி, முதுகு கவிழ்த்த கிண்ணம் மாதிரி வந்ததும் இலவம்பஞ்சை அடைத்து, மஞ்சள் வயிற்றை வைத்துத் தைத்தேன். மீசைக்குச் சங்கிலிப் பின்னல். ஐந்து கால் முடிந்ததும் பச்சை நூல் தீர்ந்துபோக, ஆறாவது கால் மட்டும் மஞ்சள். பார்த்தவர்கள் எல்லோரும் "தத்ரூபம்" என்றார்கள். நானும் அப்படியேதான் நினைத்தேன்.

மீனு அதற்குப் 'பண்டு' என்று பெயர் வைத்தாள். பண்டு சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள். பண்டுவின் இடது மீசையைக் கடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அவளுக்கு இரண்டரை வயசாகியும் இது மாறவில்லை.

அந்த வருஷ நவராத்திரிதான் நான் பொறுப்பேற்ற முதல் நவராத்திரி. மாமியார் அதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். பொம்மைகளை அடுக்குவது மட்டும் என் மாமனார் வேலை. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லாம் கிரமப்படி இருக்க வேண்டும். முதல் படியில் ஓரறிவுள்ள செடிகொடி, இரண்டாவதில் சங்கும் நத்தையும், மூன்றாவதில் எறும்பு, நாலாவதில் நண்டும் வண்டும். வீட்டில் மண் நண்டு உண்டு, வண்டு இல்லை. மாமியார் கடைசி வரை சாலைக் கடைத்தெருவில் தேடியும் கிடைக்காத வண்டு.

அஷ்டமி சாயங்காலம். இந்த ஊரில் அன்றைக்குப் புத்தகங்களையும் வேலைக் கருவிகளையும் பூஜையில் வைத்துவிட்டால், விஜயதசமி காலை வரை படிக்கவோ எழுதவோ கருவியைத் தொடவோ கூடாது. மாமனார் தம் புத்தகங்களை வைத்தார்; மூக்குக்கண்ணாடியும் படிக்கிற கருவிதான் என்று அதைக் கடைசியில் வைப்பதாக இருந்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"பாமா, உன் குரோஷா ஊசியைக் கொடும்மா. அதுவும் வித்தைதானே?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தையல் ஊசிப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தேன். அப்போதுதான் அவர் பார்வை தூங்கிக்கொண்டிருந்த மீனுவின் பக்கம் போயிற்று.

"அட, வண்டு! அவ எத்தனை வருஷம் தேடினா. நம்மாத்துலேயே இருக்கே! எடுத்துக்கட்டுமா?"

"சரி அப்பா," என்றேன். (சரி சொல்வதில் அந்த நாளில் எனக்குப் பதக்கமே கொடுத்திருக்கலாம்.) ஒரே மூச்சில் குழந்தையின் வண்டும் போயிற்று, இன்னொரு வண்டு பின்னுகிற ஊசியும் போயிற்று. நாலாம் படியில் வண்டை வைத்து, கண்ணாடியையும் கழற்றிப் பூஜையில் வைத்து, ஆரத்தியும் காட்டிவிட்டார். ஏறிய பொம்மை விஜயதசமி வரை இறங்கக் கூடாது.

மீனு எழுந்தாள்.

"பண்டு எங்கே?"

"பண்டு உம்மாச்சிகிட்டே போயிருக்கு. நாளன்னிக்கு வரும்."

நாளன்னிக்கு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? வாயை இறுக மூடிக்கொண்டாள். பால் வேண்டாம், தயிர்சாதம் வேண்டாம், உயிரான ஏத்தம்பழமும் வேண்டாம். அழுது அழுது உடம்பு சுட ஆரம்பித்தது.

"நான் அப்பாட்ட சொல்றேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐயோ, வேண்டாம்னா! அப்பா முகத்தைப் பாத்தேளா? அம்மா போனப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்சிருக்கார்."

"அப்போ குழந்தை?"

அதுதானே என் தவிப்பு. ஒரு பக்கம் அவருடைய சிரிப்பு, இன்னொரு பக்கம் இவளுடைய வயிறு.

மாமனார் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினார். எனக்குள்ளே இருந்த கலெக்டர் விழித்துக்கொண்டாள். துணிப்பெட்டியின் அடியிலிருந்து பழைய காலுறையில் ஒன்றை எடுத்தேன். அதே நூல், அதே பச்சை. பஞ்சுக்கு எங்கே போவது? சமையலறையில் நவமிச் சுண்டலுக்கு ஊறவைத்து வடித்த பச்சைப்பயறு இருந்தது. இரண்டு கை அள்ளி அடைத்து, வாயை நூலால் கட்டி, மை தொட்டு இரண்டு கண் வைத்தேன். ஊசி எதையும் தொடவில்லை என்பதால் சாஸ்திரமும் குறைவில்லை! அதை நாலாம் படியில் உட்காரவைத்துவிட்டுப் பண்டுவை மீட்டுக்கொண்டு வந்தேன். பின்கட்டில் மீனு ஒரு கிண்ணம் தயிர்சாதத்தைத் துடைத்துத் தின்றாள். உலகத்திலேயே கெட்டிக்காரி நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நவமியன்று மீனுவையும் பண்டுவையும் பின்கட்டிலேயே வைத்துக்கொண்டேன்; வந்தவர்களை எல்லாம் மாமனார் நாலாம் படிக்கே அழைத்துப் போனார். "என் மாட்டுப்பொண் பின்னினதாக்கும்!" கண்ணாடிதான் பூஜையில் இருக்கிறதே, அவருக்குத் தெரிந்தது ஒரு பச்சைப் புள்ளி.

கமலம் மாமி மட்டும் குனிந்து பார்த்தார். "காலெல்லாம் எங்கேடி?"

"மடக்கிண்டு உக்காந்திருக்கு மாமி."

"ஓஹோ. ரொம்ப மரியாதையான வண்டுதான்."

விஜயதசமிக் காலையில், யாரும் எழுந்திருக்கும் முன் மாற்றிவைத்துவிடத் திட்டம். ஆனால் மீனு பண்டுவை நெஞ்சோடு அமுக்கிப் படுத்திருந்தாள். விரலைப் பிரித்தால் ஊரே எழுந்துகொள்ளும். சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பிறகு நேரமே கிடைக்கவில்லை. அக்ஷராப்யாசத்துக்குத் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெரு சாரதாம்மா வந்துவிட்டாள். கமலம் மாமி வந்தார். தாம்பாளத்தில் அரிசி பரப்பியாயிற்று. மாமனார் பூஜையிலிருந்து முதலில் எடுத்தது கண்ணாடி. துடைத்து மாட்டிக்கொண்டார். நாலு வரி படித்தார். பிறகு ஆசையாகத் தலையைத் திருப்பி நாலாம் படியைப் பார்த்தார்.

வண்டின் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக வால் முளைத்திருந்தது. பின்னலின் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒன்று. மழைக்கால ஈரம், விளக்கின் வெதுவெதுப்பு, ஊறின பயறு. நாற்றங்கால்கூட அவ்வளவு செழிப்பாக இருக்காது.

"அய்யோ சேச்சி! புழுவாணோ?" என்று சாரதாம்மா பெண்ணை இழுத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"கொலுவுல புழுவா? சிவசிவா!" என்றார் கமலம் மாமி.

அந்த நேரம் பார்த்து மீனு கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கையில் பண்டு, மஞ்சள் கால் தொங்க.

எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். படியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். "அப்பா... குழந்தை சாப்பிடலே... பயறு..." என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மாமனார் எழுந்தார். காலுறையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முளையை விரலால் தொட்டார். பிறகு பள்ளிக்கூடக் குரலில் சொன்னார்:

"இது நாலறிவு இல்லை. ஓரறிவு. படி மாறி உக்காந்திருக்கு."

அதை மெதுவாக இறக்கி முதல் படியில் செடிகளுக்கு நடுவில் வைத்தார். திரும்பியபோது அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று பயந்தே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அவ இருந்திருந்தா இதுக்கு ஒரு வாரம் சிரிச்சிருப்பா," என்றார். பிறகு மீனுவைப் பண்டுவோடு மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் கையையும் பிடித்து அரிசியில் எழுதவைத்தார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் எதையாவது தைரியமாகச் செய்துவிட்டு வந்தால், "இது எந்தப் படி பாமா?" என்றுதான் முதல் கேள்வி. புதுவிதக் குழம்புக்கும் அதே கேள்வி, நான் வாங்கி வந்த புடவைக்கும் அதே கேள்வி.

அதோடு போயிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். அடுத்த வருஷமும் மாமனார் ஆசையாக ஒரு பச்சைக் காலுறையில் பயறு அடைத்து முதல் படியில் வைக்கச் சொன்னார். வந்தவர்கள் கேட்டபோது, என் வாயில் சனி, "எங்க நாகர்கோவில் பக்கத்து வழக்கம்" என்று சொல்லிவைத்தேன். போன வருஷம் கமலம் மாமி வீட்டுக் கொலுவிலும் காலுறை. தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் பார்த்தேன். போன வாரம் எதிர்வீட்டுப் புது மாட்டுப்பெண் வந்து, "மாமி, காலுறையில் பயறு போடும்போது என்ன ஸ்லோகம் சொல்லணும்?" என்று பயபக்தியோடு கேட்டாள். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்திருக்கிறேன்.

நவராத்திரி நெருங்குகிறது. வாசகிகளே, நான் என்ன செய்யட்டும்? உண்மையைச் சொல்லிவிடலாமா, அல்லது பொருத்தமாக ஒரு ஸ்லோகம் உங்களில் யாருக்காவது தெரியுமா? நாகர்கோவில் பக்கத்து வாசகிகள் மட்டும் தயவுசெய்து எனக்கு முன்னால் யாருக்கும் எழுதிவிட வேண்டாம்.