முடியுரு நாடியும் ஒரு மிடறு தேநீரும்

"அதை அங்காலை கொண்டுபோ!" என்று சிவபாதசுந்தரம் அலறினார்.

ஜெகதீஸ்வரியின் கையில் இருந்தது பாம்பன்று, காலைத் தேநீர். மணமான நாள்முதல் அவள் ஊற்றிக் கொடுக்க, அவர் உறிஞ்சிக் குடித்துவரும் அதே தேநீர்.

"மறந்துபோனனப்பா. கை தன்ர பழக்கத்தில ஊத்திப்போட்டுது."

"மணத்தைக்கூட இஞ்சாலை விடாதை!"

மறுநாட் காலையில் அவருக்கு ஒரு பரிசோதனை இருந்தது. உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்புவது இதயம். அந்த இதயத்துக்கே இரத்தம் கொடுப்பவை முடியுரு நாடிகள். வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கும்போது அவருடைய நெஞ்சு இரண்டொரு தடவை இறுகியிருந்தது. எனவே, அந்த நாடிகளில் இரத்தம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்தே தீரவேண்டும் என வைத்தியர் சொல்லிவிட்டார். மருந்தேற்றி நாடிகளை விரியச் செய்து, இயந்திரத்தின் கீழே கிடத்தி அளப்பார்களாம். தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கிற கஃபீன் அந்த மருந்தை வேலைசெய்ய விடாதாம். ஆகையால், முதல்நாள் முழுவதும் ஒரு மிடறுகூடக் கூடாது.

பத்து மணிக்குள் அவருக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. தேநீருக்கு அடிமைப்பட்ட தலை, எசமானைக் காணாமல் உள்ளேயிருந்து சுவரில் மோதிற்று.

இந்த நிலையிலேதான் தொலைபேசி அலறியது. பேசி முடித்த ஜெகதீஸ்வரியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"கொட்டாஞ்சேனையில இருந்து மாப்பிள்ளையின்ர தாய் யோகேஸ்வரி. வாறதெண்டு சொன்ன ஞாயிற்றுக்கிழமை நாள் சரியில்லையாம். இண்டைக்குப் பின்னேரம் பிள்ளையைப் பார்க்க வருகினமாம்."

"இண்டைக்கோ? நாளைக்கு எனக்கு..."

"மெல்லக் கதையுங்கோ! தகப்பனுக்கு நெஞ்சுவருத்தம் எண்டு தெரிஞ்சால், பரம்பரை வியாதி எண்டு சொல்லி இந்தச் சம்பந்தத்தையும் விட்டிட்டுப் போடுவினம்."

அவள் சொன்னது உண்மை. களவெடுத்துப் பிடிபட்டவன் இந்த நகரத்தில் தலைநிமிர்ந்து நடக்கிறான். நெஞ்சு நொந்தவன்தான் முகத்தை மூடிக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டியிருக்கிறது. மகள் சுபோதினிக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் பேச்சளவில் முறிந்திருந்தன. ஒன்று, பெரியம்மாவுக்குச் சலரோகம் என்பதால். மற்றது, ஒன்றுவிட்ட சித்தப்பா கண்ணாடி போட்டிருந்ததால். மூன்றாவதும் முறிந்தால் தாங்குகிற சக்தி அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

"வாறவையோட இருந்து நானும் தேத்தண்ணி குடிக்கவேணும். குடிக்காட்டில் ஏன் எண்டு கேப்பினம்," என்று தலையைப் பிடித்துக்கொண்டார் சிவபாதசுந்தரம்.

"அதுக்கு நான் வழி வைச்சிருக்கிறன்," என்றாள் ஜெகதீஸ்வரி.

வழி இதுதான்: எல்லாருக்கும் பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ; அவருக்கு மட்டும் பனங்கட்டி கரைத்த மல்லித்தண்ணீர். நிறத்தில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. தட்டின் வலக்கரைக் கோப்பை அவருடையது. சுபோதினிக்கு இது மூன்று முறை விளங்கப்படுத்தப்பட்டது.

"அம்மா, எனக்கு விளங்கிட்டுது. என்னைப் பார்க்க வருகினமோ, கோப்பையைப் பார்க்க வருகினமோ?" என்றாள் அவள்.

பின்னேரம் வந்தார்கள். மாப்பிள்ளை கார்த்திகன் அடக்கமாகச் சிரித்தான். தாய் யோகேஸ்வரி வீட்டின் சுவர்களைக் கண்ணால் அளந்தார். தகப்பன் முத்துலிங்கம் கதிரையின் விளிம்பில் அமர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தலையிடியால் சிவபாதசுந்தரத்தின் புருவங்கள் இரண்டும் ஒன்றாகியிருந்தன. அதைக் கண்ட யோகேஸ்வரி, "அண்ணைக்கு எங்களில ஏதும் கோவமோ?" என்று நேரே கேட்டுவிட்டார்.

"சீச்சீ! இவர் சந்தோசம் வந்தால் இப்பிடித்தான் இருப்பார்," என்றாள் ஜெகதீஸ்வரி.

சுபோதினி தட்டுடன் வந்தாள். விருந்தினருள் மூத்தவருக்கு முதலில் நீட்டுவதுதான் முறை. முறைப்படி முத்துலிங்கத்தின் முன்னே குனிந்தாள். அவர் தட்டை ஒருதரம் பார்த்தார். கையை இடப்பக்கம் கொண்டுபோனார், நிறுத்தினார், மூக்கைச் சற்றே உயர்த்தினார், பிறகு, வலக்கரைக் கோப்பையை எடுத்தே விட்டார்.

சிவபாதசுந்தரத்தின் நெஞ்சு, பரிசோதனைக்கு ஒருநாள் முந்தியே, தன் முழு வேகத்தையும் காட்டிற்று.

முத்துலிங்கம் ஒரு வாய் குடித்தார். கண்களை மூடினார். "ஆகா! தேத்தண்ணி எண்டால் இதுதான் தேத்தண்ணி!"

மல்லித்தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருவர் இப்படிச் சொன்னால், அது நக்கல் அல்லாமல் வேறு என்ன? தடிமன் பிடித்துத் தும்முகிறவனுக்குக் காய்ச்சிக் கொடுப்பதைச் சம்பந்திக்குக் கொடுத்தாயிற்று! ஜெகதீஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசிற்று. பாய்ந்துபோய்க் கோப்பையைப் பிடித்தாள்.

"அது ஆறிப்போச்சு அண்ணை, தாங்கோ. சுடச்சுட வேற கொண்டுவாறன்."

"இல்லைத் தங்கச்சி, இது நல்லாத்தான்..."

"எங்கட வீட்டில ஆறினதைக் குடிச்சதெண்டு நாளைக்கு ஆரும் சொல்லப்படாது!"

முத்துலிங்கம் விடவில்லை. ஜெகதீஸ்வரியும் விடவில்லை. தமிழருடைய விருந்தோம்பல், விருந்தினர் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகுதான் தொடங்குகிறது. ஈற்றில் கோப்பை அவளிடமே போயிற்று; அதன் இடத்தில், தார் போலக் கறுத்த தேநீர் ஒன்று வந்து அமர்ந்தது. சிவபாதசுந்தரத்தின் முன்னேயும் அதேபோன்ற ஒன்று. தட்டில் வேறு கோப்பை மிஞ்சவில்லை.

முத்துலிங்கம் தம் கோப்பையைத் தொடவில்லை. "பிறகு குடிப்பம்," என்று முக்காலியில் வைத்துவிட்டார்.

சம்பந்தம் பிடிக்காவிட்டால் பெண்வீட்டில் வாய் நனைக்கமாட்டார்கள். இது யாவரும் அறிந்த வழக்கம். வாயால் 'வேண்டாம்' என்று சொல்லுவது அநாகரிகம்; அதை அந்தக் கோப்பை சொல்லிவிடும். சுபோதினி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தமுறை வெட்கத்தினால் அன்று.

"இஞ்சாருங்கோ, ஒருக்கால் குசினிக்கு வாங்கோ," என்று கணவரைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று, பற்களுக்கிடையால் சீறினாள் ஜெகதீஸ்வரி. "அந்த மனுசன் வாய் நனைக்காமல் எழும்பினால் எல்லாம் முடிஞ்சுது. நீங்கள் முதல் குடிச்சுக் காட்டுங்கோ. வீட்டுக்காரர் குடியாமல் இருக்க வந்தவர் எப்பிடிக் குடிப்பார்?"

"என்ர நெஞ்சு?"

"நெஞ்சை அடுத்த மாசமும் அளக்கலாம். மாப்பிள்ளை அடுத்த மாசமும் இருப்பாரோ?"

திரும்பி வந்த சிவபாதசுந்தரம் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"நான் குடிக்கிறன். நீங்களும் குடியுங்கோ," என்றார், தூக்குமேடையில் நின்று பேசுபவர்போல.

"நீங்கள் முதல் குடியுங்கோ," என்றார் முத்துலிங்கம்.

"விருந்தாளி குடியாமல் நான் எப்பிடி?"

"வீட்டுக்காரர் தொடங்காமல் நான் எப்பிடி?"

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் கார்த்திகனும் சுபோதினியும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டதை எவரும் கவனிக்கவில்லை.

யோகேஸ்வரி கணவனின் விலாவில் இடித்தார். சிவபாதசுந்தரம் கண்ணை மூடி, ஒரே மூச்சில் விழுங்கினார். காலைமுதல் ஏங்கிக் கிடந்த தலைக்குள் விளக்கேற்றியது போலிருந்தது. உயிர் போகப் போகிறதே என்ற துக்கமும், தலையிடி போய்விட்டதே என்ற சுகமும் ஒருசேர வந்தன. எதிரே முத்துலிங்கமும் நஞ்சு குடிப்பவர்போல மிடறு மிடறாக விழுங்கினார்.

"அப்பாடா!" என்ற ஜெகதீஸ்வரி, மகிழ்ச்சி தாங்காமல் இருவருக்கும் இன்னொரு கோப்பை வார்த்தாள்.

"போதும்!" என்று இரு தகப்பன்மாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"கூச்சப்படாதேங்கோ!" என்றாள் அவள். அதுவும் குடிக்கப்பட்டது.

போகும்போது முத்துலிங்கத்தின் முகம் செத்தவீட்டிலிருந்து புறப்படுபவர் முகம்போல இருந்தது. "யோசிச்சுச் சொல்லுறம்," என்றார். அதன் பொருள் என்னவென்று பெண்ணைப் பெற்ற எவருக்கும் தெரியும்.

"ரெண்டு கோப்பை குடிச்சும் யோசிக்கினமாம்!" என்று குமுறினார் சிவபாதசுந்தரம். "கலியாணமும் இல்லை, பரிசோதனையும் இல்லை!"

"பரிசோதனைக்குப் போங்கோ. குடிச்சதைச் சொல்லாதேங்கோ."

மறுநாட் காலை, முகக்கவசமும் தொப்பியும் அணிந்து அவர் புறப்பட்டார். தெரிந்தவர் எவரும் வரமாட்டார்கள் என்று நம்பி, பொரளைக்கு அப்பால் ஒரு மருத்துவமனையை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார். அங்கே புளோறன்ஸ் என்ற தாதி அவருடைய கையில் ஊசி குத்துவதற்கு நரம்பைத் தேடினாள். ஹெந்தளைக்காரி, கணீரென்ற குரல்.

"தேத்தண்ணி, கோப்பி ஒண்ணும் குடிக்கலதானே ஐயா?"

"இல்லை," என்றார்.

ஊசி அருகே வந்தது. அளவு பிழைக்கும், அடைப்பு இருந்தும் இயந்திரம் இல்லை என்று சொல்லும், கடற்கரையில் ஒருநாள் நெஞ்சு இறுகும், திருமணம் முடியாத மகள் தலைமாட்டில் நின்று அழுவாள். இவ்வளவும் ஒரு கணத்தில் கண்முன் ஓடின.

"நிப்பாட்டுங்கோ! குடிச்சனான். ரெண்டு கோப்பை."

"ஐயோ, கடவுளே! ரெண்டா?"

"மெல்லக் கதையுங்கோ, பிள்ளை! என்ர மகளுக்குச் சம்பந்தம் பேசுகினம். இந்த நெஞ்சுவருத்தம் வெளியில தெரியப்படாது எண்டுதான் குடிக்கவேண்டி வந்தது."

புளோறன்ஸ் ஊசியைத் தட்டிலே போட்டாள். இடுப்பிலே கையை வைத்தாள். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்டிருந்த திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இன்னைக்கு என்னதான் நடக்குதோ தெரியல்ல, நேத்து மகனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்தில, பொண்ணு வீட்டுக்காரங்க விடாப்பிடியா ரெண்டு கோப்பை குடிக்க வச்சிட்டாங்கன்னு, ஒங்களுக்கு முன்னால இதே சோதனைக்கு வந்த கொட்டாஞ்சேனை ஐயா ஒருத்தர், 'சம்பந்தம் கொழம்பிப் போயிரும், வெளிய சொல்லாதீங்க'ன்னு அந்தத் திரைக்குப் பின்னால ஒக்காந்து அழுதுக்கிட்டு இருக்கிறாரு!"