பூவின் நலன் கருதி

நகரத்தின் காற்றைக் காப்பாற்ற இரும்பில் ஒரு பூ செய்வதென்று மாநகராட்சி மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. மரம் நடலாமே என்று ஓர் உறுப்பினர் எழுந்தார். "மரம் திறக்குமா?" என்றார் தலைவர். திறக்காத பொருளுக்குத் திறப்பு விழா எப்படி நடத்துவது? உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார்.

பூவைச் செய்தவர் ஒரு நவீனக் கலைஞர். காற்றை அளக்கும் கருவியைத் தண்டுக்குள் வைத்தார். காற்று நன்றாக இருந்தால் இதழ் விரியும். கெட்டால் கூம்பும். அவ்வளவுதான். அது காற்றைச் சுத்தம் செய்யுமா என்று கேட்ட ஒரு நிருபருக்கு, "காற்றோடு ஓர் உரையாடலைத் தொடங்கும்" என்று பதில் வந்தது. நிருபர் அதையும் எழுதிக்கொண்டார்.

மாடி உயரப் பூ. அதை நட்ட இடம் இஸ்திரிக்காரர் வண்டிக்கு நேர் எதிரே. வினை அங்கேதான் பிடித்தது.

இஸ்திரிக்காரருக்கு ஒரு சுவரோரம்தான் சொத்து. வண்டி நிற்கும் அளவுக்கு நிழல். அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. சுவரோரத்தில் மின்சாரம் ஏது? கரிப்பெட்டிதான். திறப்பு விழா அன்று காலை, ஆணையர் முதல் டிரைவர் வரை அத்தனை பேரும் சட்டையை அவரிடம்தான் கொடுத்தார்கள். அவரும் சளைக்காமல் தேய்த்துத் தள்ளினார். அன்றைக்குக் கரி கொஞ்சம் கூடுதல்.

மடிப்புக் கலையாத சட்டையில் ஆணையர் பொத்தானை அழுத்தினார். பூ விரியவில்லை. மறுபடி அழுத்தினார். பூ இன்னும் இறுக்கிக்கொண்டது.

"எவன்யா இங்க புகை போடுறது?" என்று பாய்ந்தார் சுகாதார அதிகாரி.

"நான்தாங்க. கடைசியா உங்க சட்டைதான் தேய்ச்சேன்."

"சட்டையையா கேட்டேன்? புகையைக் கேட்டேன்."

"ரெண்டும் ஒரே பெட்டியில இருந்துதாங்க வருது."

"எதிர்த்துப் பேசுறியா?"

மறுநாள் "பூவின் நலன் கருதி" வண்டி அப்புறப்படுத்தப்பட்டது. வைக்க வேறு இடமில்லாமல் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவே அவர் மனைவி பக்கவாட்டில் நுழைந்து வந்து நின்றாள்.

"இதை இங்க வச்சுக்கிட்டு எப்படிங்க குடும்பம் நடத்துறது?"

"பூ விரியணுமாம்."

"விரிஞ்சுதா?"

"விரிஞ்சிடுச்சு."

"அப்ப அதையே பறிச்சிட்டு வாங்க. அடுப்புல ஏத்துறேன்."

பூ விரிந்தது. விரிந்தபடியே நின்றது. முதல் சில நாள் கூட்டம் வந்து படம் பிடித்தது. பிறகு ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. விரிந்த பூ யார் வீட்டுத் தொட்டியில்தான் இல்லை?

அந்த நேரம் பார்த்து, தலைசிறந்த பசுமை நகரத்துக்கு விருது கொடுக்கும் குழு வருவதாகத் தகவல். பூ விரிவதை அவர்கள் நேரில் பார்க்க வேண்டுமாம். ஆணையர் அவசரக் கூட்டம் போட்டார்.

"விரிஞ்சது மறுபடி எப்படி விரியும்?"

"முதல்ல கூம்பணும்" என்றார் கலைஞர்.

"கூம்பணும்னா?"

"காத்து கெடணும்."

"கெடுக்க நம்மகிட்ட ஆள் இருக்கா?"

சுகாதார அதிகாரி தலையைக் குனிந்தார். "இருந்த ஒரு ஆளையும் துரத்திட்டோம் சார்."

சாயங்காலமே இஸ்திரிக்காரர் வாசலில் ஜீப் நின்றது. இறங்கியவர் அதே சுகாதார அதிகாரி.

"அண்ணே, நீங்க வரணும். ஊர் மானமே உங்க கையிலதான்."

"எனக்கு என் இடம் வேணுங்க."

"இடமென்னண்ணே, உரிமமே தர்றோம். இப்ப தற்காலிகமா. விருது கிடைச்சா, மேடையில வச்சே நிரந்தரம்."

"வண்டியை முதல்ல வெளிய தள்ளுங்க. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் மனைவி. அதிகாரியே தள்ளினார்.

குழு வந்தது. இஸ்திரிக்காரர் ஈரக் கரியாகப் பார்த்துப் போட்டார். புகை கிளம்பியது. பூ கூம்பியது. குழுவினர் ஐயோ என்றார்கள். பெட்டியை மூடினார். காற்று தெளிந்தது. பூ மெல்ல விரிந்தது. குழுத்தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால் என்பது அவளுக்குத் தெரியாது. கண்ணெதிரே ஒரு நகரம் திருந்தியதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றாள். விருது உறுதியாயிற்று. இனி தினமும் காலையும் மாலையும் காட்சி. இஸ்திரிக்காரருக்குக் 'காற்றுநிலைக் கலை உதவியாளர்' என்று பட்டமும் கொடுத்தார்கள்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிதான் சூடாக இருக்கிறதே என்று நாலு சட்டையை எடுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். சுகாதார அதிகாரி ஓடி வந்தார்.

"அண்ணே, என்ன காரியம் பண்றீங்க?"

"சும்மா போற சூடுதானுங்களே."

"உரிமம் புகை விடத்தான். தேய்க்க இல்ல. பூவுக்காகப் புகை விட்டா அது கலை. சட்டைக்காக விட்டா மாசு."

"அப்ப சட்டையெல்லாம்?"

"அது என் துறை இல்லண்ணே."

ஊரில் சட்டைகள் கசங்கின. ஆணையர் கசங்கிய சட்டையோடு கோப்புப் பார்த்தார். என்ன ஆகியிருக்குமோ, நல்லவேளை, கலைஞர் ஒரு பேட்டியில், "சுருக்கம் என்பது துணி விடும் மூச்சு" என்று சொல்லிவிட்டார். அவர் சட்டையும் கசங்கித்தான் இருந்தது. பிடித்துக்கொண்டது ஜனம். மடிப்பு வைத்தவன் பூமிக்குத் துரோகி. தெருவில் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள். துணிக்கடைகளில் கசக்கியே தைத்த சட்டைக்குத் தனி அலமாரி வந்தது. விலை ஒன்றரைப் பங்கு. பழைய சட்டை வைத்திருந்தவர்கள் அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.

இதெல்லாம் புகைக்குள் நின்ற மனிதருக்கு எட்டவில்லை.

விருது விழா வந்தது. மேடையில்தான் உரிமத்தை நிரந்தரமாக்கப் போகிறார்கள். முந்தின நாளே வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு திருட்டு வேலை போல, தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தார். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. தன் தொழிலில் அப்படி ஒரு சட்டை அவர் தேய்த்ததில்லை.

மனைவியோடு விழாவுக்குப் போனார். வாசல் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"என்னய்யா இது கோலம்? பசுமை விழாவுக்கு வர்ற சட்டையா இது?"

"நான்தாங்க புகை விடுறவன். என்னைத்தான் மேடையில கூப்பிடப் போறாங்க."

"யாரா இருந்தா எனக்கென்ன? மடிப்போட வந்தா உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு."

உள்ளே ஒலிபெருக்கியில் கலை உதவியாளரை மேடைக்கு அழைத்தார்கள். இன்னொரு முறை அழைத்தார்கள். இஸ்திரிக்காரர் சுவர் மறைவுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார். இரண்டு கையாலும் சுருட்டிப் பிழிந்தார். உதறிப் பார்த்தார். போதவில்லை. தரையில் போட்டார்.

"தள்ளுங்க, உங்களுக்கு மனசு வராது" என்ற மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டைமேல் ஏறி நின்று நன்றாக மிதித்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவரின் சட்டையைக் காவலாளி கூர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! யாரு சார் உங்களுக்கு இவ்வளவு நல்லாக் கசக்கிக் குடுக்கிறது? என்னோடதையும் கொஞ்சம் குடுக்கட்டுமா?"